கண்ணுக்கு நேரே வைத்த கல்

விலாங்குக் குஞ்சு வறுக்கிறவள் அடுப்பை விட்டு அசையக் கூடாது. கண்ணாடி நூலாகக் கிடக்கும் குஞ்சு, பன்றிக்கொழுப்பில் விழுந்த மறு நிமிஷம் வெளுத்துவிடும். அந்த நேரம் பார்த்து முட்டையை உடைத்து ஊற்றவில்லையென்றால் அப்புறம் மெல்லவே முடியாது. இதெல்லாம் டோர்கஸ் நிப்லெட்டுக்குத் தெரியாததல்ல. ஹாம்லோட் படகுத்துறை வீட்டுக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்து நாலு வருஷம் ஆகிறது. அத்தனை மார்ச் மாதமும் அவள் கையால்தான் குஞ்சு வறுபட்டது. ஆனாலும் அன்றைக்குக் காலையில் சட்டியை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போனாள். கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

மாடியிலிருந்து அவள் புருஷன் எனோக் கத்தினான். "ஏய், கருகுற வாடை இங்க வரைக்கும் வருது!"

"வந்தா வரட்டும். தண்ணி வாசப்படியைத் தாண்டியாச்சு."

"வாசப்படிதானே? அப்ப கல்லோட அடிவிளிம்பு. நேத்தே சொன்னேன்ல, ஏழு மணிக்கு அடிவிளிம்பைத் தொடும்னு. மணி என்ன?"

"ஏழு அடிச்சு அஞ்சு நிமிஷம்."

"பாத்தியா!" என்றான் எனோக். குரலில் கவலை ஒரு துளி இல்லை. வெள்ளம் அவன் பேச்சைக் கேட்டு வந்ததைப் போல அத்தனை பெருமை.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லாமல் ஹாம்லோட்டைப் பற்றிப் பேச முடியாது. இங்கிலாந்தில் செவர்ன் ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில் முப்பது வீடு, ஒரு கோயில், ஒரு சாராயக்கடை, ஒரு படகுத்துறை, இவ்வளவுதான் ஊர். கோயில் கோபுரத்தில் ஆற்றைப் பார்த்த சுவரில், ஒரு ஆள் நின்றால் கண்ணுக்கு நேரே, பால் நிறக் கல் ஒன்று பதித்திருக்கும். அதில் இரண்டு கோடு. கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் 1795 என்று வெட்டியிருக்கும், மேல்கோட்டுக்குப் பக்கத்தில் 1770. அந்தந்த வருஷம் வெள்ளம் வந்து நின்ற உயரம். மேல்கோட்டைத் தாண்டி ஊருக்குள் தண்ணீர் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. கல்லின் அடிவிளிம்பைத் தண்ணீர் தொட்டால் படகுத்துறை வீட்டு வாசற்படி நனையும். மேல்கோட்டைத் தொட்டால் அதே வீட்டு மாடிப்படியில் மூன்றாவது படி நனையும். அளந்து பார்த்த கணக்கு. குழந்தைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பார்கள்.

கல்லைப் படித்துச் சொல்லும் உரிமை நிப்லெட் வீட்டு ஆம்பிளைக்கு. அவன் சொல்லாமல் கோபுரத்துப் பெரிய மணி அடிக்கக் கூடாது. மணி அடிக்காமல் எவனும் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறாம் வருஷம் வந்தது. அந்த வருஷம் ஒருத்தன் கல்லைப் பார்க்காமலே பயந்துபோய் மணியை அடித்துவிட, ஊரே கோழியும் கட்டிலுமாக மேட்டுப் பண்ணைக்கு ஓடியது. தண்ணீரோ நிப்லெட் வாசற்படியை நனைத்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போய்விட்டது. அறுபது வருஷம் ஆகியும் அக்கரைக்காரர்கள் படகேறும்போதெல்லாம் கேட்கிறார்கள், "ஏம்ப்பா, உங்க ஊர்ல நாய் காலைத் தூக்கினாலே மணி அடிப்பீங்களாமே?" இந்தப் பேச்சுக்குப் பயந்தே ஹாம்லோட்காரன் வெள்ளத்துக்குப் பயப்படுவதை விட்டுவிட்டான்.

ஜனவரியிலிருந்து ஒரேயடியாகப் பனி கொட்டிய வருஷம் அது. சண்டை முடிந்து இரண்டாவது குளிர்காலம். நிலக்கரி இல்லை, ரொட்டிக்குக்கூட ரேஷன். பிப்ரவரியில் துறைப்படியில் உறைந்து கிடந்த பனியில் வழுக்கி எனோக் வலது காலை முறித்துக்கொண்டான். குதிகாலிலிருந்து தொடை வரைக்கும் மாவுக்கட்டு. அன்றிலிருந்து மாடியறைக் கட்டில்தான் அவனுக்கு உலகம். மார்ச் பாதியில் பனி மொத்தமாக உருகி, மேலே மழையும் சேர்ந்து பெய்து, ஆறு இப்போது வந்துகொண்டிருக்கிறது. கல்லைப் பார்த்துவருவது டோர்கஸின் வேலையாகிவிட்டது.

"கண்ணு உன்னோடது, வார்த்தை என்னோடது. மறந்துடாதே" என்று முதல் நாளே சொல்லிவைத்தான் எனோக்.

கருகினது போக மிச்சத்தைத் தட்டில் போட்டு மாடிக்குக் கொண்டுபோனாள். போகிற வழியில் மாவுப் பானையை மூன்றாம் படியிலிருந்து எடுத்து நாலாம் படியில் வைத்தாள்.

"எதுக்கு நாலாம் படி? மூணாம் படிக்கு மேல என்னைக்கு வந்திருக்கு?" என்றான் எனோக், வாய் நிறையக் குஞ்சோடு.

"என் மாவு, என் இஷ்டம்."

"மூணாம் படியிலேயே வச்சாலும் ஒண்ணும் ஆகாது. ஆயிரத்து எழுநூத்து எழுபது வந்தாதான் அது நனையும். அது நூத்து எழுபத்தேழு வருஷத்துக்கு ஒரு தடவைகூட வரலை."

"வாயை மூடிக்கிட்டுத் தின்னு. நேத்து ராத்திரியெல்லாம் இந்தத் தண்ணி மணிக்கு ஒரு சாண் ஏறுது. நானும் இருபத்து நாலு வருஷமாப் பாக்குறேன், இப்படி ஏறிப் பாத்ததில்லை."

"கட்டிக்கிட்டு வந்தவளுக்கு ஆத்தைப் பத்தி என்ன தெரியும்? உங்க டாண்டி குடும்பத்துக்குக் கல்லு தெரியும், சுண்ணாம்பு தெரியும். தண்ணி எங்களோடது." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சண்டை போட நேரமில்லை.

படகை அவிழ்க்கும்போது தலைக்கு மேலே பார்த்தாள். மாடி ஜன்னலுக்கு ஒரு சாண் கீழே, சுவரில், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு இரும்பு வளையம். எந்தக் காலத்தில் யார் அடித்தார்கள் என்று தெரியாது. ராட்சசன் ஒருத்தன் சாராயம் குடிக்க வந்தபோது குதிரையைக் கட்டின வளையம் என்பது ஊர்க்கதை. புதுசாக வந்திருக்கிற பாதிரியார் லாங்ஃபோர்ட் ஊர்ச் சரித்திரம் எழுதுகிறேன் என்று நோட்டும் கையுமாக அலைகிறவர். அவர் அதை விளக்கு மாட்டுகிற வளையம் என்றார். விளக்கை ஜன்னலுக்கு வெளியே மாட்டி மீனுக்கா வெளிச்சம் காட்டினார்கள் என்று எனோக் கேட்டான். பாதிரியார் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டார்.

தட்டைப் படகைக் கழியால் தள்ளிக்கொண்டு கீழ்வரிசை வழியாகப் போனாள். கீழ்வரிசை என்பது ஆற்றோரம் ஒட்டிக் கட்டின நாலு குட்டி வீடுகள். பதினோரு பேர் இருக்கிறார்கள். வருஷா வருஷம் தண்ணீர் வரும். வந்தால் மாடிக்கு ஏறிக்கொண்டு சீட்டாடுவார்கள். கடைசி வீட்டு ஜன்னலில் மிஸஸ் ஹாலிங் தலை தெரிந்தது. அவள் தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு மூக்கும் தெரிந்தது. அது அவளுடைய பன்றி.

"மாடிக்கே கூட்டிட்டுப் போயிட்டியா?" என்று கேட்டாள் டோர்கஸ்.

"பின்னே? ஒன்பது மாசம் உருளைக்கிழங்குத் தோலாப் போட்டு வளத்தது. ஆத்துக்குக் குடுக்கவா? என் புருஷனைவிட அடக்கமா இருக்குடி, பாய்ல ஒரு சொட்டு போகலை. என்ன சொல்றாரு உங்க ஆளு?"

"மூணாம் படிதான்ங்கிறாரு."

"அப்பச் சரி" என்று மிஸஸ் ஹாலிங் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். எனோக் சொன்னால் சரி. அவன் அப்பன் சொன்னபோதும் சரியாக இருந்தது. டோர்கஸ் கழியை ஓங்கி ஊன்றினாள். அந்தப் பதினோரு உயிரும் ஒரு கட்டிலில் கிடக்கிறவன் வாயை நம்பி இருக்கிறது.

கோயில் தோட்டத்தில் கல்லறைக் கற்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. படகைக் கோபுரச் சுவரோடு ஒட்டி நிறுத்தினாள். மணியடிக்கிற அறை கோபுரத்தின் மாடியில் இருக்கிறது. அதன் ஜன்னலில் பெர்சி ஹயட்டும் பாதிரியாரும் நின்றார்கள். பெர்சி சாராயக்கடைக்காரன். கோயிலில் மணி அடிப்பதும் அவன்தான்.

"என்ன, கீழ்க்கோடா?" என்றான் பெர்சி.

"கீழ்க்கோட்டைத் தாண்டி நாலு விரக்கடை. நான் அங்கிருந்து இங்க வர்றதுக்குள்ள இவ்வளவு ஏறியிருக்கு."

"மேல்கோட்டுக்கு இன்னும் அரைச் சாண் இருக்கே. அதோட நின்னுடும்."

பாதிரியார் குனிந்து கல்லைப் பார்த்தார். "அருமையான ஏற்பாடு மிஸஸ் நிப்லெட். மற்ற ஊர்க்கோயில்ல எல்லாம் பாத்திருக்கேன், வெள்ளக்கோடு எங்கேயோ உச்சியில இருக்கும், கழுத்து வலிக்கும். இங்க மட்டும்தான் நான் முக்காலிகூட இல்லாம நின்னுகிட்டே எழுதினேன். படிக்க எவ்வளவு வசதி!"

டோர்கஸ் கழியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

படிக்க வசதி. இந்த வார்த்தையை அவள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். அவளுடைய தாத்தா சிலாஸ் டாண்டி இந்தப் பக்கத்திலேயே பேர்போன கல்தச்சர். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டில் கோபுரத்தில் இடி விழுந்தபோது ஆற்றுப் பக்கச் சுவரைப் பிரித்துக் கட்டினவர் அவர்தான். சாகிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் அதே பெருமை: "அந்த வெள்ளக்கல்லை எப்படி வச்சேன் தெரியுமா? எந்தக் குழந்தையும் எந்தக் கிழவனும் முக்காலி போடாம படிக்கலாம். படிக்க வசதியா வச்சேன்!" குடும்பமே தலையாட்டும். அவளும் ரொட்டியை மென்றுகொண்டே தலையாட்டியிருக்கிறாள். அப்படியென்றால் முதலில் அது எங்கே இருந்தது என்று யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். கல்தச்சன் வீட்டில் பிறந்த கண். கீழிருந்து வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே மேலே போனாள். பழைய கல் எல்லாம் பாசி படிந்த மஞ்சள். வெள்ளக்கல்லுக்கு நேர் மேலே, ஆறடி உயரத்தில், ஒரே ஒரு கல் மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. சுற்றிலும் அகலமாகச் சாந்து பூசி அடைத்திருந்தது. பெர்சியின் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"பெர்சி, அந்தச் சாம்பல் கல்லைச் சாண் போட்டு அள. அகலம் எவ்வளவு?"

"எதுக்கு?"

"அளன்னா அளேன்!"

அவன் கையை நீட்டி அளந்தான். "ரெண்டு சாணும் மூணு விரலும். உயரம் ஒண்ணரைச் சாண் இருக்கும்."

டோர்கஸ் குனிந்து வெள்ளக்கல்லை அளந்தாள். அகலம் இரண்டு சாணும் நான்கு விரலும் வந்தது. அவள் கை சின்னது. அடிப்பாதி தண்ணீருக்குள் இருந்தாலும் விரலால் தடவிக் கண்டுபிடித்தாள். ஒண்ணரைச் சாணுக்குக் கொஞ்சம் மேல். மூலையில் தாத்தாவின் அடையாளம் விரலில் தட்டுப்பட்டது, ஒரு முக்கோணமும் அதற்குள் ஒரு கோடும்.

அப்போதுதான் அந்த இரும்பு வளையமும் நினைவுக்கு வந்தது. மாடி ஜன்னலுக்கு ஒரு சாண் கீழே. ராட்சசனும் இல்லை, குதிரையும் இல்லை. படகு கட்டுகிற வளையம். ஆயிரத்து எழுநூற்று எழுபதாம் வருஷத்துத் தண்ணீரைக் கண்ணால் பார்த்தவன் எவனோ அடுத்த தடவைக்கு என்று அடித்துவைத்தது.

"ஐயோ தாத்தா, என்ன காரியம் பண்ணிட்டீங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு தலையைத் தூக்கினாள். "பெர்சி, மணியை அடி."

"விளையாடுறியா? மேல்கோட்டைத் தொடவேயில்லை."

"இந்தக் கோடு பொய். எங்க தாத்தா ஆறடி இறக்கி வச்சுட்டாரு. உன் கைக்குப் பக்கத்துல இருக்கே, அதுதான் இதோட இடம். ஆயிரத்து எழுநூத்து எழுபதுல தண்ணி நீ நிக்கிற ஜன்னல் வரைக்கும் வந்திருக்கு. கீழ்வரிசை மாடியில இடுப்பளவு நிக்கும். அந்தச் சுவரெல்லாம் பச்சை மண்ணு. தாங்காது."

பெர்சி பாதிரியாரைப் பார்த்தான். பாதிரியார் சாம்பல் கல்லைப் பார்த்தார்.

"எனோக் சொன்னாரா?" என்றான் பெர்சி.

"எனோக் கட்டில்ல கிடக்குறாரு. நான் சொல்றேன்."

"நிப்லெட் சொல்லாம அடிக்க மாட்டேன் டோர்கஸ். எண்பத்தாறுல அடிச்சவன் யாரு தெரியுமா? எங்க தாத்தன். இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுக்குப் பேரே 'நாய்மணி ஹயட்'தான். நானும் அந்தப் பேரை வாங்கிக்கணுமா?"

"நானும்தான் ஒரு பேரை வாங்கப் போறேன். சிலாஸ் டாண்டி ஊரை முட்டாளாக்கினான்னு நாளைக்கு உன் கடையில உக்காந்து பேசுவாங்க. பேசட்டும். பேசுறதுக்கு ஆள் உயிரோட இருக்கணும்ல!"

படகைக் கல்லறைச் சிலை ஒன்றில் கட்டினாள். கழுத்தளவு தண்ணீரில் இறங்கினாள். குளிர் எலும்பு வரைக்கும் ஏறியது. கோபுர வாசல் வழியாகச் சுழல்படி ஏறி மேலே வந்தாள். பாவாடையிலிருந்து தண்ணீர் ஓடியது. பெர்சி கயிற்றுக்கு முன்னால் கையை விரித்து நின்றான்.

"தள்ளு."

"நீ நிப்லெட் இல்லை. நீ டாண்டி."

"இருபத்து நாலு வருஷமா அந்த வீட்டு மாவைப் பிசையறது யாரு? நான் நிப்லெட்தான். அதோட டாண்டியும்தான், அதனாலதான் உங்க யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரிஞ்சுது. பாதிரியார் ஐயா, நீங்க எழுதுற சரித்திரத்துல பதினோரு பேர் முழுகினதை எழுதணுமா, ஒருத்தி வாய்க்கு வந்தபடி மணி அடிச்சதை எழுதணுமா? எது வேணும்?"

பாதிரியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ்டர் ஹயட், கொஞ்சம் நகர்ந்துக்குங்க. நானும் ஒரு கை பிடிக்கிறேன்" என்றார்.

பெரிய மணி அடித்தது. அறுபது வருஷமாக வெள்ளத்துக்கு அடிக்காத மணி. மூன்றாவது இழுப்பில் பெர்சியும் வந்து கயிற்றைப் பிடித்தான். "நாய்மணிதானே, போகட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர்கள் இருவரையும்விட நன்றாக இழுத்தான்.

டோர்கஸ் நேராக வீட்டுக்குத்தான் வந்தாள். ஜன்னலில் எனோக்கின் முகம் சிவந்துபோயிருந்தது. கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் அந்தக் காலை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறான்.

"எவன் அடிச்சான்?"

"நான்."

"நீயா? யாரைக் கேட்டு? எங்கப்பன் படிச்ச கல்லு, எங்க தாத்தன் படிச்ச கல்லு. என் வீட்டுக்குள்ளேயே இருந்துகிட்டு என் வாயில மண்ணைப் போட்டுட்டியேடி!"

அவள் படகில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சாம்பல் கல், சாண் கணக்கு, தாத்தாவின் பெருமை, வளையம். அவன் வளையத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்க தாத்தன் வாயாடி. ஊரறியும். அவன் உளறினதுக்கு நான் ஓடணுமா? போ, எல்லாரையும் கூட்டிட்டுப் போ. நான் இங்கதான் உக்காந்து மூணாம் படியைப் பாத்துட்டு இருப்பேன். சாயங்காலம் நீங்க எல்லாம் அசட்டுச் சிரிப்பு சிரிச்சுகிட்டுத் திரும்பி வருவீங்க."

"நான் கீழ்வரிசையை இறக்கிட்டு உனக்கு வர்றேன். மாவு நாலாம் படியில இருக்கு. அதைப் பாத்துக்கோ" என்றாள் டோர்கஸ். அவளுக்கு அழுகை வந்தது. அவனை ஓங்கி ஒரு அறை விடவும் தோன்றியது. இரண்டையும் அடக்கிக்கொண்டு கழியை ஊன்றினாள்.

கீழ்வரிசையிலிருந்து மேட்டுப் பண்ணைக்கு ஆறு நடை போக வேண்டியிருந்தது; கடைசி நடை முடியும்போது மணி மூன்றை நெருங்கிவிட்டது. பண்ணைக்காரர் களத்துக் கொட்டகையைத் திறந்துவிட்டார். அவர் மனைவி பெரிய அண்டாவில் கிழங்குக் கூழ் காய்ச்சினாள். வந்து இறங்கினவர்கள் எல்லாரும் முதலில் டோர்கஸைத்தான் திட்டினார்கள். மிஸஸ் ஹாலிங் பன்றி இல்லாமல் வர மாட்டேன் என்று நின்றாள். பெர்சி ஜன்னல் சட்டத்தைப் பெயர்த்தான்; பன்றியைப் போர்வையில் சுற்றி, நாலு பேர் பிடித்துப் படகில் இறக்கினார்கள். வழி முழுக்க அது பாதிரியார் மடியில் தலை வைத்துக்கொண்டு வந்தது.

"இவ்வளவு பாடு பட்டுட்டுத் தண்ணி வராம போகட்டும், அப்புறம் இருக்குடி உனக்கு" என்றாள் மிஸஸ் ஹாலிங்.

"வராம போனா முதல்ல நான்தான் சந்தோஷப்படுவேன்" என்றாள் டோர்கஸ். மனதாரத்தான் சொன்னாள்.

தண்ணீர் வந்தது. ஒன்பது மணிக்கு மேல்கோட்டைத் தொட்டது. பதினொன்றுக்கு வெள்ளக்கல்லே கண்ணுக்குத் தெரியவில்லை. கொட்டகையில் திட்டுகிற சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, பகல் ஒரு மணிக்கு எல்லாரும் வாசலில் வந்து நின்று ஆற்றைப் பார்த்தார்கள். மூன்று மணிக்குக் கீழ்வரிசை நடுவீட்டுச் சுவர் ஒன்று மாடியோடு சரிந்து ஆற்றில் விழுந்த சத்தம் மேட்டுக்கே கேட்டது. மிஸஸ் ஹாலிங் டோர்கஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். டோர்கஸ் கையை உருவிக்கொண்டு படகுக்கு ஓடினாள். பெர்சி அவள் பின்னாலேயே குதித்து ஏறினான்.

ஆற்றின் இழுப்பு இப்போது ஊருக்குள்ளேயே ஓடியது. வைக்கோல் போர் ஒன்று மொத்தமாக மிதந்து போனது. இரண்டு பேரும் கழி போட்டும் படகு பக்கவாட்டில் போயிற்று. படகுத்துறை வீட்டை நெருங்கினபோது கீழ்த்தளம் முழுதும் முழுகிப்போயிருந்தது. எனோக் ஜன்னலில் உட்கார்ந்திருந்தான். மடியில் மாவுப் பானை இருந்தது.

"பத்தாம் படி" என்றான். "மூணாம் படி போறதைப் பாத்தேன். சரி, இதோட நிக்கும்னு நினைச்சேன். நாலாம் படி போச்சு. உன் மாவை எட்டி எடுத்தேன். அப்புறம் எண்ணிக்கிட்டே இருந்தேன் டோர்கஸ். ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டே இருந்தேன்."

"அப்புறம் சொல்லுவே. பெர்சி, கயிறு!"

படகு சுவரில் மோதித் திரும்பியது. இழுப்பு அதைக் கொண்டுபோகப் பார்த்தது. டோர்கஸ் எழுந்து நின்று, கையைத் தூக்கி, கயிற்றை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்தாள். வளையத்தின் உள்பக்கம் தேய்ந்து ஒரு பள்ளம் இருந்தது. கயிறு நேராக அதில் போய் உட்கார்ந்தது. படகு அசையாமல் நின்றது. வீட்டுச் சுவரோடு சுவராக, ஜன்னலுக்கு நேர் கீழே.

எனோக் குனிந்து அந்த வளையத்தைப் பார்த்தான். நாற்பத்தொன்பது வருஷமாக அந்த ஜன்னலில் முகம் கழுவித் துப்பினவன், அன்றைக்குத்தான் அதை உற்றுப் பார்த்தான்.

"முதல்ல மாவு" என்று பானையை நீட்டினான்.

"முதல்ல காலு" என்றாள் அவள்.

மாவுக்கட்டுக் கால் முன்னால் வந்தது. பெர்சி அதைத் தோளில் தாங்கினான். டோர்கஸ் புருஷனின் இடுப்பைக் கட்டிப் பிடித்து இறக்கினாள். அவன் அவள் மேலேயே விழுந்தான். விழுந்தவன் எழுந்திருக்காமல் அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தான். பெர்சி மரியாதையாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர் மறுநாள் காலை வரைக்கும் ஏறி, மாடியறையில் கணுக்காலளவு நின்று, பிறகுதான் இறங்கியது. கீழ்வரிசையில் இரண்டு வீடு போய்விட்டது. ஒரு உயிர் போகவில்லை. அக்கரை ஊரில் ஒரு கிழவனும் அவன் மகளும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து படகேற வருகிறவர்கள் யாரும் நாயைப் பற்றிப் பேசுவதில்லை.

மே மாதம் சாரம் கட்டினார்கள். சாம்பல் கல்லைப் பெயர்த்து எடுத்து, வெள்ளக்கல்லைக் கப்பி போட்டுத் தூக்கி, அது பிறந்த இடத்திலேயே மறுபடி பதித்தார்கள். சாந்து குழைத்தது பெர்சி. உளி பிடித்தது டோர்கஸ், தாத்தாவின் உளி. 1770 கோட்டுக்கு இரண்டு விரல் கீழே புதுக்கோடு வெட்டி 1947 என்று எழுதினாள். ஊரே கீழே நின்று அண்ணாந்து பார்த்தது.

"அழகா இருக்கு மிஸஸ் நிப்லெட்" என்றார் பாதிரியார். "ஆனா வயசானவங்களுக்குப் படிக்கக் கஷ்டமா இருக்கும். இதே மாதிரி ஒரு நகல் கீழே வச்சா..."

சாரத்தின் மேலிருந்து டோர்கஸ் ஒரு பார்வை பார்த்தாள். பாதிரியார் நிறுத்திக்கொண்டார்.

கீழே கண்ணுக்கு நேரே இருந்த பள்ளத்தை மூட ஒரு கல் வேண்டியிருந்தது. அதையும் அவளே செதுக்கினாள். துணியைப் போட்டு மூடியே வைத்திருந்தாள். பதித்து முடித்த பிறகுதான் எடுத்தாள். கோடு இல்லை, வருஷம் இல்லை. மூலையில் சிலாஸ் டாண்டியின் முக்கோணம். நடுவில் ஒரே வரி.

எனோக் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு கல்லுக்கு முன்னால் போய் நின்றான். கல் படிப்பது நிப்லெட் வேலை என்பதால் எல்லாரும் வழி விட்டார்கள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கப் படித்தான்.

"மேலே பார்."

பார்த்தான். தலையை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்து, அந்த இரண்டு விரல் இடைவெளியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"கழுத்து வலிக்குதுடி" என்றான்.

"வலிக்கட்டும்" என்றாள் டோர்கஸ்.